எதிரி இல்லாத வயிறு

வாயைத் தொறங்கம்மான்னா, தொறந்தேன். நாக்கை நீட்டுங்கன்னா, நீட்டினேன். தொண்டைக்குழி தொடங்குற எடத்துல அந்த நர்ஸ் பொண்ணு புஸ் புஸ்ஸுன்னு மருந்தை அடிச்சா. வாழைப்பழ மிட்டாயை வேப்பெண்ணெயில முக்கி எடுத்தாப்புல ஒரு கசப்பு. முழுங்கிருங்க, கொஞ்ச நேரத்துல தொண்டை மரத்துப்போயிரும், மரத்ததும் என்னைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா. தொண்டையே மரத்துப்போச்சுன்னா எதை வச்சுடி உன்னைக் கூப்பிடுறது? கேட்டிருக்கணும். பழைய பவளக்கொடியா இருந்தா கேட்டிருப்பா. உறையூர்ல இட்லி மாவு விக்கிற இந்த மாவுக்காரம்மா வாய்க்குப் பயந்து முனிசிபாலிட்டி ஆளுங்களே தெருவை மாத்திப் போவானுங்க. இப்ப கேக்கணும்னு தோணுது, தோணினதோட சரி, உதடு வரைக்கும் வர்றதில்ல. இந்த மருந்து தொண்டையை மட்டும் மரக்க வைக்குமாம். நல்லா இருக்கு கதை. மத்ததெல்லாம் எப்பவோ மரத்துப்போயாச்சு, மிச்சம் இருந்தது தொண்டை ஒண்ணுதான், அதுக்கும் இன்னைக்கு வேளை வந்துருச்சு. எச்சி முழுங்கிப் பாத்தேன். எறங்குச்சா எறங்கலையான்னு தெரியல. உள்ள யாரோ ஒரு பஞ்சுத் தலகாணியைத் திணிச்சு வச்ச மாதிரி இருக்கு. பச்சைத் துணி கட்டுன கதவுக்கு அந்தப் பக்கம் வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்குற ரூம். முன்னாடி போனவரு ஓங்கரிக்கிற சத்தம் கேக்குது. டிவில சத்தம் இல்லாம யாரோ கோலம் போட்டுக்கிட்டு இருக்காங்க. பயமா இருக்கணும். இல்ல. பயம் இல்லையேங்கிறதுதான் லேசா பயமா இருக்கு.

"பவளக்கொடி அட்டெண்டர் யாருங்க?"ன்னு கையில அட்டை வச்சுக்கிட்டு ஒருத்தரு கேட்டாரு. பெஞ்சோட அந்தக் கோடியிலருந்து "நான்தான்"னு குரல் வந்துச்சு. "என்ன உறவு?" "ஓரகத்தி." அவ்வளவுதான் சொன்னா சந்திரோதயம். எம் புருஷனோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடு, முன்பக்கம் நான், பின்பக்கம் அவ, நடுவுல கையால தட்டினா கொட்டுற மாதிரி ஒரு ஒத்தைக்கல் சுவரு. எம் பொண்ணு தேன்மொழி மஸ்கட்ல இருக்கா, லீவு கெடைக்கலம்மான்னு போன்ல அழுவுறா. எம் புருஷன் போய்ச் சேந்துட்டாரு. கூட ஆள் இல்லாம வந்தா குழாய் விட மாட்டோம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அதனால இவ. இவளும் நானும் மொகம் பாத்துப் பேசுறத நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. பேசுறத நிறுத்துனமே தவிர பேச்சை நிறுத்தல. காலையில எந்திரிச்சா அவ காக்காகிட்ட ஆரம்பிப்பா. "ஏ காக்கா, ஏன் இந்தத் தண்ணியில வந்து குளிக்கிற? மகாராணி மாவுக் கெரைண்டர் கழுவுன தண்ணி, பாலாபிஷேகம்னு நெனச்சியா?" நான் கொழாய்கிட்ட சொல்லுவேன். "கொழாயே, உனக்கும் எப்பப் பாத்தாலும் தொறந்த வாயி. ஆனா உன் வாயிலருந்து தண்ணியாவது வருது." கீரைக்காரி வந்தா பாவம், அவளை நடுவுல நிக்க வச்சு ரெண்டு பக்கமும் அடி. "கீரைக்காரம்மா, நல்ல மனசு இருக்கிறவங்களுக்குப் பாத்துக் கொடு, எல்லாருக்கும் செரிக்காது." "கீரைக்காரம்மா, வயித்தெரிச்சல்காரங்களுக்கு மணத்தக்காளி குடுத்துட்டுப் போ, புண்ணியமாப் போகும்." அவளும் ரெண்டு பேருக்கும் வித்துட்டு வாயே தொறக்காம போயிருவா. எதுக்குப் பேச்சு நின்னுச்சு? அதைத்தான் இந்தப் பெஞ்சில உக்காந்து தேடிக்கிட்டிருக்கேன். கெரைண்டர் தண்ணி அவ கொல்லையில போயி நாறுதுன்னு சொன்னதுலயா? அதுக்கு முந்தியே நின்னுபோச்சு. தேன்மொழி கல்யாணத்துல சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கிட்டு முன்னால வந்தவளை, நீ பின்னால வான்னு நான் சொன்னேனா, இல்ல அவளாவே பின்னால போயி நின்னுக்கிட்டு நான் சொன்னதா ஊரெல்லாம் சொன்னாளா? இல்ல, அதுக்கும் முந்தி ஏதோ. ஒரு பித்தளை அண்டா. இல்ல, அண்டா வேற சண்டை, அது முடிஞ்சுபோச்சு. எங்கயோ ஒரு முடிச்சு இருக்கு, விரல் வைக்கப் போனா நழுவுது. சண்டைக்குக் காரணம் மறந்துபோச்சு, சண்டை மட்டும் தெனம் பல்லு வெளக்குற மாதிரி நடந்துக்கிட்டே இருந்துச்சு.

டாக்டரும் இப்படித்தான் ஒண்ணு சொன்னாரு. குள்ளமா, வாய் ஓயாத மனுஷன். மாத்திரை அட்டையைத் திருப்பி அதோட முதுகுல படம் போட்டுக் காட்டினாரு. ஒரு சுரைக்காய் மாதிரி வயிறு. அதுக்குள்ள சுருண்டு கெடக்கிற புழு மாதிரி ஒண்ணு, பின்னால நாலஞ்சு வால். ஹெலிகோபாக்டர்னு அதுக்குப் பேரு. "வயித்துல இருக்கிற ஆசிட்டுக்கு எந்தக் கிருமியும் தாங்காதும்மா. இது மட்டும் தாங்கும். தன்னைச் சுத்தி அமோனியாவைக் கக்கி ஆசிட்டை அடக்கிக்கிட்டு, வயித்துச் சுவருல இருக்கிற கோழைக்குள்ள பூந்து உக்காந்துக்கும். வருஷக்கணக்கா இருக்கும். பாதி ஊருக்கு இது வயித்துல இருக்கு, பல பேருக்கு ஒண்ணுமே பண்ணாது." அப்புறம் எனக்கு மட்டும் ஏன் சார்னு கேட்டேன். அப்ப எனக்குக் குரல் இருந்துச்சு, கேள்வியும் இருந்துச்சு. "உங்க ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்கல்ல, வெள்ளை அணுக்கள், அவங்க வந்தாங்க"ன்னாரு. வந்து, ஒரு ரகம் கிருமியை முழுங்குச்சாம். முழுங்கியும் செரிக்கலையாம், கிருமி உள்ள கொஞ்சம் ஒளிஞ்சிருந்துட்டுத் திரும்ப வெளிய வந்துருச்சாம். இன்னொரு ரகத்துக்கிட்ட, சண்டை வேணாம், சும்மா இருன்னு கிருமியே சேதி சொல்லி அனுப்புமாம். அடையாளம் தெரியாம இருக்க நம்ம உடம்போட சட்டையையே எடுத்து மாட்டிக்குமாம். அடேங்கப்பா, என்ன சாமர்த்தியம்னு நெனச்சேன். காவல்காரங்களும் விடல. கிருமியைக் கொல்லவும் முடியல, விட்டுட்டுப் போகவும் முடியல. சாதாரணமா வயித்துல காவல் கொட்டகையே கெடையாதாம். இந்தச் சண்டைக்காகவே வந்து கொட்டகை போட்டு, அங்கயே பெருகி, பெருகி, பெருகி, கடைசில அந்தக் கூட்டமே ஒரு கட்டி ஆயிருச்சாம். "கட்டியில கிருமி இல்லம்மா. அத்தனையும் உங்க ஆளுங்கதான்"னு சொல்லிட்டு மாத்திரை அட்டையை எங்கிட்ட நீட்டினாரு, நான் ஏதோ பிரசாதம் மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். புத்துநோயான்னு கேட்டேன். "ஒரு வகையில. ஆனா சோம்பேறிப் புத்து. கிருமி இருக்குங்கிறதாலதான் வளருது. கிருமியைக் கொன்னுட்டா, இவங்களுக்கு வேலை இல்லாம போயி தானாவே கலைஞ்சுருவாங்க. பெரும்பாலும்."

அந்தப் பெரும்பாலுங்கிற வார்த்தையில மாட்டிக்கிட்டேன். புடவை ஆணியில மாட்டுற மாதிரி மாட்டி, ஒவ்வொரு நாளும் அந்த எடத்துலயே இழுபட்டுக்கிட்டு இருக்கேன். மிச்சப் பேருக்கு என்ன ஆகும்னு கேட்டதுக்கு, சில பேரு வயித்துல அந்தக் காவல்காரங்க கிருமியை மறந்துருவாங்களாம். எதுக்கு வந்தோம்னு தெரியாமலே பெருகக் கத்துக்குவாங்களாம். கிருமி செத்தாலும் நிக்க மாட்டாங்களாம். அப்படின்னா கட்டியைக் கருக்க கதிர் அடிச்சு கரண்ட் வைக்கணும், மேல மேல பாக்கணும். சரின்னேன். வாய் பூரா இரும்புத் துரு ருசிக்கிற மாத்திரைங்களைத் தின்னேன். மாவுல உப்புப் போட்டு ருசி பாக்க முடியல, எல்லாமே இரும்பு. புளிச்ச மாவும் கிருமிதான்னு தேன்மொழி போன்ல சொல்றா, அது நல்ல கிருமியாம். எனக்கென்ன, பொங்கி வழிஞ்சா சரி. அப்புறம் ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுத்தாங்க. கிருமி போயிருச்சு, ஒண்ணுகூட இல்லன்னாங்க. இன்னைக்குப் பாக்கப் போறது மத்தவங்களைத்தான். கலைஞ்சுட்டாங்களா, இல்ல யாரும் இல்லாத எடத்துல இன்னமும் கம்பைச் சுத்திக்கிட்டு நிக்கிறாங்களா. கலைஞ்சிருந்தா பொழைப்பேன். நின்னா, தெரியாது. இதைத்தான் நெனச்சு நடுங்கணும். உள்ளங்கையைத் தொட்டுப் பாக்குறேன், வேர்வைகூட இல்ல. யாரோ மூணாவது மனுஷி வயித்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு.

எப்ப இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன அன்னைக்கு இல்ல. அன்னைக்கு நல்லா அழுதேன், கத்தினேன், ஆட்டோக்காரன்கூட வழியில வண்டியை நிறுத்தித் தண்ணி வாங்கிக் குடுத்தான். மறுநாள் காலையில. தேன்மொழிகிட்ட ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினதை அந்த ஒத்தைக்கல் சுவரு கேட்டிருக்கும் போல. காலையில கெரைண்டர் கழுவி ஊத்துனேன். தண்ணி வழக்கம்போல சந்துல ஓடி அவ கொல்லைக்குப் போச்சு. நான் கொழாயைப் பாத்து நின்னுக்கிட்டிருக்கேன், அவ வசவு இப்ப வரும், இப்ப வரும்னு. காக்கா கத்துச்சு. அவ கத்தல. எட்டிப் பாத்தா வெளக்கமாத்தை வச்சு அந்தத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருக்கா. ஒரு வார்த்தை இல்ல. முக்கல் இல்ல, மொனகல் இல்ல. என்னைப் பாத்தா. பாத்துட்டு, "அக்கா, தண்ணியெல்லாம் தூக்காதீங்க, நான் வந்து ஊத்துறேன்"னா. அக்கான்னா. மொகத்துக்கு நேரா. அந்த நிமிஷம் எம் வயித்துக்குள்ள இருந்ததெல்லாம் காலி ஆயிட்ட மாதிரி இருந்துச்சு. அடிப்பாவி, நான் சாகப் போறேனான்னு நெனச்சேன். டாக்டர் சொன்னப்பக்கூடத் தெரியல எனக்கு, இவ சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. எனக்குத் தெரியாதா இது? எம் புருஷன் தர்மலிங்கம் படுத்த படுக்கையா கெடந்தப்போ நானும் இதைத்தான் செஞ்சேன். காலம் பூரா அவரு பீடி குடிக்கிறதுக்குக் கழுவிக் கழுவி ஊத்தினவ, டாக்டரு கையை விரிச்ச அன்னைக்கு நானே கடைக்குப் போயி ஒரு கட்டு பீடி வாங்கியாந்து தலைமாட்டுல வச்சேன். அவரு பீடியையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. பத்த வைக்கவே இல்ல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நல்லபடியா நடந்துக்கிட்டே ஒரு மனுஷனைக் கொல்லலாம்னு அன்னைக்குத்தான் பாத்தேன். அதுலருந்து இவ தெனம் ரசம் கொண்டாந்து வைக்கிறா, வாசல் தெளிக்கிறா, அக்கா அக்காங்கிறா. நான் ம்ங்கிறேன். கோவம் வருதான்னு தேடிப் பாக்குறேன். வரல. நன்றி வருதா? அதுவும் வரல. அந்தப் பித்தளை அண்டாவைக்கூட நெனச்சுப் பாத்தேன், அதுக்காவது கொஞ்சம் பத்திக்கிட்டு வருமான்னு. ஈர வெறகு.

"மரத்துருச்சாம்மா?" தலையை ஆட்டினேன். உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எந்திரிக்கும்போது சந்திரோதயம் எம் மூக்குத்தியைக் கழட்டி வாங்கிக்கிட்டா, மேல்பல் செட்டை டப்பாவுல போட்டு மடியில வச்சுக்கிட்டா. அவ வெரலு எம் மூக்குல பட்டுச்சு, ஐஸா இருந்துச்சு. எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க, முழங்காலை மடக்குங்க. வாயில ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வச்சுக் கட்டினாங்க. எச்சி வந்தா வெளிய விடுங்க, முழுங்காதீங்க, மூக்கால மூச்சு விடுங்க. கறுப்புக் குழாய் நாகப்பாம்பு கணக்கா தலைக்கு மேல ஆடுச்சு, நுனியில வெளிச்சம். கண்ணை மூடிக்கிட்டேன். நாக்கு மேல ஊர்ந்து போறது தெரியுது, அதுக்கப்புறம் தெரியல, அப்புறம் நெஞ்சுக்குழியில திடீர்னு யாரோ உள்ளருந்து கையை வச்சு அமுக்குறாங்க. ஓங்கரிச்சேன். கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, அழுகை இல்ல, சும்மா தண்ணி. மூக்கால விடும்மா, மூக்கால, அவ்வளவுதான், அவ்வளவுதான். எதையாவது நெனச்சுக்க பவளக்கொடி. நெனச்சதும் வந்தது குழம்புச் சட்டி. ஏன் அது வந்துச்சோ. சந்திரோதயம் கல்யாணம் ஆகி வந்த புதுசு. ஆம்பளைங்க, மாமனாரு மாமியாரு எல்லாம் தின்னு முடிச்ச பெறகு நாங்க ரெண்டு பேரும் அடுப்படியில உக்காருவோம். மீன் குழம்பு வச்ச மண்சட்டியில அடியில ஒட்டியிருக்கும் பாருங்க, அதுல சுடுசோத்தைக் கொட்டி, கையால ஒரு பெரட்டுப் பெரட்டி, அதே சட்டியிலருந்து ஆளுக்கொரு உருண்டையா தின்னுவோம். அவ உருட்டிக் குடுப்பா, நான் உருட்டிக் குடுப்பேன். முள்ளைப் பாத்து எடுத்துட்டு எம் வாயிலயே ஊட்டுவா. அவளுக்கு அப்ப அம்மா இல்ல, வந்த எடத்துல அக்கான்னு ஒட்டிக்கிட்டா. இந்தக் கிருமி வாயிலருந்து வாய்க்கு, ஒரே வீட்டுக்குள்ளதான் பரவுதுன்னு டாக்டர் சொன்னாரு, கூட இருக்கிறவங்களையும் வரச் சொல்லுங்க, பாத்துருவோம்னாரு. அப்ப அந்தச் சட்டியிலருந்துதானா? அவகிட்டருந்து எனக்கு வந்துச்சா, எங்கிட்டருந்து அவளுக்குப் போச்சா? அவ வயித்துலயும் அது இருக்கும். அவ வயித்துல சும்மா குடித்தனம் பண்ணிக்கிட்டு, எம் வயித்துல இத்தனை பேரைக் கூட்டிவச்சு. இல்ல, அவளும் எங்கிட்ட வாங்கிக்கிட்டு வாயைத் தொறக்காம இருக்காளோ. பாசமா உருட்டிக் குடுத்த சோத்துல வந்ததுதான் இந்தக் கிருமின்னா, அப்ப எதைக் கொன்னுருக்கேன் நான் இத்தனை மாத்திரை தின்னு. அந்த நெனப்பும் வந்த வழியா போயிருச்சு. வயித்துல காத்து ஊதுறாங்க, பலூன் மாதிரி உப்புது. டக்குன்னு உள்ள எதையோ கிள்ளுறாங்க. வலிக்கல. கிள்ளுறது தெரியுது, வலிக்கல. இப்பல்லாம் எனக்கு எல்லாமே இப்படித்தான்.

"அம்மா, கண்ணைத் தொறந்து ஸ்க்ரீனைப் பாருங்க"ன்னாரு டாக்டர். பாத்தேன். ரோஸ் கலர்ல ஒரு குகை, ஈரமா, பளபளன்னு, மடிப்பு மடிப்பா. இது நானா. "போன தடவை இந்த எடம் பூரா மேடு தட்டி, புண்ணாக் கெடந்துச்சு, ஞாபகம் இருக்கா? இப்பப் பாருங்க. வழுவழுன்னு இருக்கு. கிள்ளுன சதையை டெஸ்டுக்கு அனுப்புறேன், அது வரணும். ஆனா எங் கண்ணுக்குப் போயிருச்சும்மா. கலைஞ்சுட்டாங்க." கொட்டகையைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. குழாயை உருவினாரு. நர்ஸ் பொண்ணு எம் வாயைத் தொடைச்சுவிட்டு, சந்தோஷமாம்மான்னு கேட்டா. தலையை ஆட்டினேன். சந்தோஷம் வந்தா எங்க வரும்னு பாத்துக்கிட்டே ஆட்டினேன். நெஞ்சுல பாத்தேன், வயித்துல பாத்தேன். அந்த வழுவழுன்னு இருந்த எடம்தான் தெரிஞ்சுச்சு, யாருமே இல்லாம, சுத்தமா, கூட்டிப் பெருக்குன கல்யாண மண்டபம் மாதிரி. பொழைச்சுட்டேடின்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான்.

வெளிய சந்திரோதயம் எந்திரிச்சு நின்னுக்கிட்டிருந்தா. டாக்டரே வந்து சொன்னாரு. அவ டாக்டரோட வாயையே பாத்துக்கிட்டு நின்னா. "அப்ப இனிமே கரண்டெல்லாம் வைக்க வேணாமா?" "வேணாம்மா. மறுபடி அப்பப்ப பாத்துக்கலாம்." "சாக மாட்டாங்கல்ல?" டாக்டர் சிரிச்சுட்டாரு. "எல்லாரும் ஒரு நாள் போகத்தான் போறோம். இவங்க இதால போக மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தொண்டை சரியாகிற வரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க, பொரையேறிரும். அப்புறம் நீங்களும் ஒரு நாள் வந்து ஊதிட்டுப் போங்க." அவ மடியிலருந்து டப்பாவை எடுத்தா. எம் பல் செட்டைக் குடுத்தா. மூக்குத்தியைப் போட்டுவிட வந்தவ, பாதியில நிறுத்தி எங்கையிலயே வச்சுட்டு விடுவிடுன்னு முன்னால நடந்தா. பின்னாலயே போனேன். ஆட்டோவைக் கூப்பிட்டா. அவ அந்த ஓரம், நான் இந்த ஓரம், நடுவுல பை. ஆட்டோ நகர்ந்து மெயின்ரோட்டுக்கு வந்த பெறகுதான் ஆரம்பிச்சா. எங்கிட்ட இல்ல. டிரைவர் முதுகுகிட்ட.

"ஏன் தம்பி, உங்களுக்குத் தெரியுமா? சில பேரு உள்ள போயி சொகமா ஏசியில படுத்துக்குவாங்க. வெளிய ஒருத்தி இரும்புப் பெஞ்சில உக்காந்து இடுப்பு ஒடையணும்." டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு, என்னக்கா கேட்டீங்கன்னாரு. எம் தொண்டை மெல்ல மெல்லத் திரும்பி வந்துக்கிட்டு இருந்துச்சு, ஊசி ஊசியா. எச்சி எறங்குறது தெரிஞ்சுச்சு. வாயும் வந்துருச்சு. வார்த்தைதான் வரல. ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். காந்தி மார்க்கெட் லாரி ஒண்ணு வெங்காய மூட்டையோட முன்னால போகுது. "சொல்லாம செய்யறவங்க ஒரு ரகம் தம்பி"ன்னா அவ திரும்பவும். "இன்னொரு ரகம் இருக்கு. நோவுன்னா ஊரைக் கூட்டும், நல்லாயிட்டா நன்றிகெட்ட ஜென்மம், ஒரு வாய் சொல்லாது." குரல் ஓங்கித்தான் இருந்துச்சு. ஆனா முடியுற எடத்துல லேசா தூக்கி விட்டா, வாசல்ல நின்னு யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடுற மாதிரி. நான் தேடினேன். நெசமாவே தேடினேன். எல்லா மூலையிலயும் தேடினேன். இத்தனை வருஷமா ஒரு சொல்லுக்கு ஒம்போது சொல்லு தயாரா வச்சிருந்த எடம். கோவம் ஒரு துளி இல்ல. அதுவும் அந்தக் காவல்காரங்ககூடவே கலைஞ்சு போயிருக்கு.

அவ கம்பியைப் புடிச்சிருந்த கையைப் பாத்தேன். இறுக்கிப் புடிச்சிருந்தா. ஆட்டோ ஆட்டத்துக்குன்னு நெனச்சேன். சிக்னல்ல ஆட்டோ நின்னுச்சு. அவ புடியை விடல. "நேத்து ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல தம்பி, அவங்க வெறும் வயித்துல இருக்கணும்னாங்கன்னு நானும்..." அதுக்கு மேல அவளால ஜாடை பேச முடியல. மூஞ்சியை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டா. அய்யோ, இவ பயந்துபோயி உக்காந்திருக்காடா. டாக்டர் சொன்னதை இவ நம்பல. நான் வாயைத் தொறந்து பழையபடி ஏதாவது சொன்னாத்தான் நம்புவா. சொல்லாம விட்டேன்னா, வீட்டுக்குப் போனதும் திரும்பவும் அக்காம்பா, ரசம் வைப்பா. கோவம் வராட்டி என்ன, சொல்லத் தெரியாதா எனக்கு?

"தம்பி"ன்னேன். நாக்கு தடிச்சு, வார்த்தை கோணிக்கிட்டு வந்துச்சு. டிரைவர் கண்ணாடியில என்னைப் பாத்தாரு. "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. பட்டினி கெடந்தேன் பட்டினி கெடந்தேன்னு சொல்றவங்க இடுப்பைப் பாத்தா தெரியல? எம் பக்கத்துல பாதி சீட்டைக் காணோம்."

 அவ முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினா, நல்லா, அழுத்தி, சத்தமா. அப்புறம் முன்னால குனிஞ்சு டிரைவர் சீட்டைத் தட்டினா. "கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? பல்லு செட்டை இன்னும் மாட்டல, அதுக்குள்ள வாயைப் பாருங்க. இதுக்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலயும் கெடையாது!" அப்புறம் நிறுத்தவே இல்ல. கல்யாணம், சீர்வரிசைத் தட்டு, தர்மலிங்கம், எல்லாத்தையும் இழுத்தா. எனக்குக் கோவம் வரவே இல்ல. உறையூர் போக இன்னும் தூரம் கெடக்கு. அவ மூச்சு வாங்குறப்போ அடுத்து என்ன சொல்லலாம்னு, ஒண்ணு ஒண்ணா யோசிச்சு எடுத்து வச்சுக்கிட்டே வந்தேன்.